சர்க்கரைப் பானங்களும் இரத்தக்குழாய் நலமும்: அகப்படலச் செயலிழப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சர்க்கரை சேர்த்த பானங்கள் உடற்பருமனையும் நீரிழிவையும் தோற்றுவித்து, அவற்றின் வழியாக இதயத்தைத் தாக்குகின்றன என்பது பரவலாக அறியப்பட்ட கருத்து. உடல் எடை கூடுவதற்கும் நீரிழிவு கண்டறியப்படுவதற்கும் முன்னரே, இப்பானங்கள் இரத்தக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள அகப்படலத்தின் செயலைக் குலைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய இரு சர்க்கரைகளும் வெவ்வேறு வழிகளில் இப்பாதிப்பை உண்டாக்கும் முறை, நீர்வடிவச் சர்க்கரையின் தனித்தன்மை, நீண்டகால ஆய்வுகள் தரும் சான்றுகள், அச்சான்றுகளின் எல்லைகள், தென்னாசியருக்கு இதனால் விளையும் கூடுதல் இடர், வரிக் கொள்கைகளின் போக்கு ஆகியன இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சர்க்கரைப் பானங்கள், இரத்தக்குழாய், அகப்படலம், நைட்ரிக் ஆக்சைடு, ஃபிரக்டோஸ், தமனித் தடிப்பு, நீரிழிவு.

முன்னுரை

தமிழர் வாழ்வில் கரும்பின் இனிமை புதியதன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்த செய்தியைப் புறநானூற்றின் 99ஆம் பாடல் தெரிவிக்கிறது. கரும்புச்சாறு காய்ச்சும் ஆலைகளில் எழுந்த புகையைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆயினும் அக்காலத்தில் இனிப்பு என்பது அறுவடையோடும் விழாவோடும் விருந்தோடும் இணைந்திருந்த ஒன்று. இன்றோ அது பெட்டிக்கடையின் குளிர்பெட்டியில், ஆண்டின் எல்லா நாள்களிலும், தாகம் தீர்க்கும் நீருக்கு மாற்றாகக் கிடைக்கிறது. மாறியிருப்பது இனிப்பின் இயல்பன்று; அதன் அளவும் வடிவமும் உட்கொள்ளப்படும் வேகமும் ஆகும்.

இம்மாற்றத்தின் விளைவை மருத்துவ உலகம் நெடுங்காலம் உடல் எடையைக் கொண்டே அளந்துவந்தது. அதனால் ஒல்லியாக இருப்பவர்க்கு இப்பானங்களால் தீங்கில்லை என்ற எண்ணம் பொதுமக்களிடம் வேரூன்றியது. இரத்தக்குழாய் உயிரியலில் கடந்த நாற்பதாண்டுகளில் ஏற்பட்ட வளர்ச்சி இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

சர்க்கரைப் பானம்: வரையறையும் அளவும்

தயாரிப்பின்போது சர்க்கரை சேர்க்கப்பட்ட, மது அல்லாத பானங்கள் அனைத்தும் சர்க்கரைப் பானங்கள் எனப்படும். காற்றூட்டிய குளிர்பானம், பழச்சுவைப் பானம், ஆற்றல் பானம், சர்பத், ரோஸ் மில்க், இனிப்பிட்ட தேநீர், காபி ஆகியன இதனுள் அடங்கும். உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்பட்ட சர்க்கரையோடு தேன், பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் 'கட்டற்ற சர்க்கரை' என ஒரே வகையில் வைக்கிறது. ஒருவர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் இச்சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்கு மிகாமலும், இயலுமாயின் 5 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரை. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும்.

முழுச் சர்க்கரையுடன் கூடிய கோலா வகைப் பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சர்க்கரை உள்ளது. 300 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் சற்றொப்ப 32 கிராம் சேர்கிறது. ஒரே புட்டியில் 25 கிராம் என்ற எல்லை கடக்கப்படுகிறது. வீட்டுப் பழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை வீதம் நான்கு வேளை தேநீர் அருந்துபவரும் ஏறத்தாழ இதே அளவை எட்டுகிறார். எனவே சர்க்கரைப் பானம் பற்றிய ஆய்வைப் புட்டியில் அடைத்த பானங்களோடு நிறுத்திக்கொள்வது பொருந்தாது.

இவ்வளவின் பொருளை உணர மற்றொரு கணக்கும் உதவும். நலமுள்ள ஒருவரின் உடலில் ஓடும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் 4 முதல் 5 கிராம் மட்டுமே. அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. 300 மில்லிலிட்டர் பானத்தின் 32 கிராம் சர்க்கரை செரிமானத்தில் பிளவுறும்போது அதில் பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் மாறுகிறது. இரத்தத்தில் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான குளுக்கோஸ் சில நிமிடங்களில் குடலை அடைகிறது. இன்சுலின் சுரந்து இதனை ஈடுசெய்ய முயல்கிறது. அதற்கிடைப்பட்ட நேரத்தில் உயர்ந்த சர்க்கரையை நேரடியாக எதிர்கொள்வது இரத்தக்குழாயின் உட்சுவரே.

அகப்படலம்: அமைப்பும் பணியும்

இதயம் முதல் மிக நுண்ணிய தந்துகி வரை எல்லா இரத்தக்குழாய்களின் உட்புறத்தையும் ஒற்றை அடுக்குச் செல்களாலான படலம் ஒன்று போர்த்தியுள்ளது. எண்டோதீலியம் எனப்படும் இதனை அகப்படலம் எனலாம். குழாய்க்குள் இடப்பட்ட வெறும் உறை என்றே இது நெடுங்காலம் கருதப்பட்டது. 1980இல் இராபர்ட் ஃபர்ச்காட்டும் அவருடைய ஆய்வுத்துணைவரும் செய்த சோதனை இக்கருத்தை மாற்றியது. முயலின் தமனித் துண்டில் அகப்படலம் சிதையாமல் இருந்தபோது அசிட்டைல்கோலின் என்னும் பொருள் குழாயைத் தளரச் செய்தது. அப்படலம் உரசி நீக்கப்பட்டபோது தளர்ச்சி நிகழவில்லை. அகப்படலமே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாயை விரியச் செய்கிறது என்பது இதனால் வெளிப்பட்டது. அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளிமம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவரும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அகப்படலச் செல்கள் அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகின்றன. சில நொடிகளே நிலைக்கும் இவ்வளிமம் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் பற்றுவதைக் குறைக்கிறது. இரத்தம் தடையின்றி ஓடுவதற்கும், அழுத்தம் மிகாதிருப்பதற்கும், சுவரில் கொழுப்பு படியாதிருப்பதற்கும் இதுவே முதற்காவல். இக்காவல் தளர்வதே அகப்படலச் செயலிழப்பு எனப்படுகிறது. தமனித் தடிப்பு என்னும் நோயின் முதற்படியும் அதுவே.

இச்செயலிழப்பைத் துன்பமின்றி அளக்கும் முறை 1992 முதல் வழக்கில் உள்ளது. முன்கையில் இரத்த அழுத்தமானியின் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடங்களுக்கு இரத்த ஓட்டத்தை நிறுத்திப் பின் விடுவிக்கின்றனர். இரத்தம் மீண்டும் பாயும் விசையால் மேற்கைத் தமனி எத்தனை விழுக்காடு விரிகிறது என்பது மீயொலிக் கருவியால் அளக்கப்படுகிறது. நலமான அகப்படலம் போதிய நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தமனியை விரிக்கும்; நலிந்த அகப்படலத்தால் அது இயலாது.

குளுக்கோஸ் உண்டாக்கும் உடனடி விளைவு

உடலின் பெரும்பாலான செல்கள், வெளியே குளுக்கோஸ் மிகும்போது அதனைத் தம்முள் ஏற்பதைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உடையவை. அகப்படலச் செல்களுக்கு அவ்வாற்றல் போதிய அளவில் இல்லை. இரத்தத்தில் குளுக்கோஸ் உயர்ந்தால் அவற்றின் உள்ளேயும் அது உயர்கிறது. நீரிழிவின் சிக்கல்கள் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்குழாய்களில் முதலில் தோன்றுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

மிகுதியான குளுக்கோஸைச் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியா எரிக்க முற்படும்போது சூப்பர் ஆக்சைடு என்னும் வினைமிகு பொருள் கூடுதலாகத் தோன்றுகிறது. அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்னும் நச்சுப் பொருளாகிறது. இதனால் இருவகை இழப்பு நேர்கிறது. இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு அழிகிறது என்பது ஒன்று. நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதிக்குத் துணைசெய்யும் பொருளும் சிதைந்து, அந்நொதியே சூப்பர் ஆக்சைடை உமிழத் தொடங்குகிறது என்பது மற்றொன்று. காவல் செய்யவேண்டிய நொதியே கேடு செய்யும் நிலைக்கு மாறுவதை இங்குக் காணலாம்.

நலமுள்ளோரிடமும் குளுக்கோஸ் உயர்வு குழாய் விரியும் திறனைக் குறைக்கிறது என்பதை 1998இல் வெளியான மனித ஆய்வு காட்டியது. இதையொத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான மீளாய்வும் இதனை உறுதிசெய்தது. கடையில் கிடைக்கும் சர்க்கரைப் பானத்தையே நலமுள்ளோர்க்குக் கொடுத்து 2017இல் வெளியிடப்பட்ட சிறிய ஆய்வு ஒன்றில் பெரிய தமனியிலும் தோலின் நுண்குழாய்களிலும் இத்தளர்வு காணப்பட்டது. அகப்படலத்தின் மேற்பரப்பில் கிளைக்கோகேலிக்ஸ் என்னும் மெல்லிய சர்க்கரைப் புரதப் போர்வை ஒன்று உண்டு. குளுக்கோஸை ஆறு மணி நேரம் உயர்நிலையில் வைத்திருந்தபோது அப்போர்வை மெலிந்ததை 2006இல் வெளியான ஆய்வு பதிவுசெய்துள்ளது.

ஒரு குவளைப் பானத்தால் உண்டாகும் இத்தளர்வு நிலையானதன்று. நலமுள்ளோரிடம் சில மணி நேரத்தில் அகப்படலம் மீள்கிறது. ஆகவே எப்போதேனும் அருந்தும் ஒரு பானம் குழாயைச் சிதைத்துவிடும் என்று கூறுவது மிகையாகும். இங்குக் கருதத்தக்கது மீள்வதற்கான இடைவெளி. காலைத் தேநீர், முற்பகல் பழச்சாறு, பிற்பகல் குளிர்பானம், மாலைக் காபி எனச் சர்க்கரை தொடர்ந்து வரும்போது ஒரு தளர்விலிருந்து மீளுமுன் அடுத்தது தொடங்குகிறது. பகற்பொழுதின் பெரும்பகுதியை அகப்படலம் நலிந்த நிலையிலேயே கழிக்க நேர்கிறது.

நெடுநாள் உயர்சர்க்கரையில் மற்றொரு மாற்றமும் படிப்படியாக நிகழ்கிறது. சர்க்கரை, நொதியின் துணையின்றியே புரதங்களோடு பிணைந்து, எளிதில் சிதையாத கூட்டுப்பொருள்களாகிறது. குழாய்ச் சுவரின் கொலாஜன் இழைகள் இவற்றால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு நெகிழ்வை இழக்கின்றன. இக்கூட்டுப்பொருள்கள் அகப்படலத்தில் அழற்சியையும் தூண்டுகின்றன. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன. கொழுப்பு உள்ளே படிகிறது. தமனித் தடிப்பு உருவாகிறது.

ஃபிரக்டோஸ்: கல்லீரல் வழியான பாதிப்பு

சர்க்கரையின் மற்றொரு பாதியான ஃபிரக்டோஸ் இரத்தக் குளுக்கோஸைப் பெரிதும் உயர்த்துவதில்லை. அதனால் ஒரு காலத்தில் அது நீரிழிவாளர்க்கு ஏற்ற இனிப்பு என்றும் கருதப்பட்டது. அதன் பாதிப்பு கல்லீரல் வழியே வருகிறது.

சிறிதளவு ஃபிரக்டோஸைச் சிறுகுடலே மாற்றிவிடுகிறது என்பதையும், அளவு மிகும்போது எஞ்சியது கல்லீரலை அடைகிறது என்பதையும் 2018இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. பழத்தின் நார்ப்பகுதியோடு மெல்ல வரும் ஃபிரக்டோஸுக்கும், பானத்தில் ஒரே வீச்சில் வரும் ஃபிரக்டோஸுக்கும் உள்ள வேற்றுமையை விளங்கிக்கொள்ள இது துணைசெய்கிறது. கல்லீரலில் குளுக்கோஸின் சிதைவுக்குக் கட்டுப்பாட்டு நிலை ஒன்று உண்டு. ஃபிரக்டோஸ் அதனைக் கடந்து சென்றுவிடுகிறது. எனவே மிகுந்து வருவது கொழுப்பாக மாற்றப்படுகிறது. அக்கொழுப்பு கல்லீரலில் படிகிறது. டிரைகிளிசரைடாக இரத்தத்திலும் கலக்கிறது.

அமெரிக்காவில் பருமன் மிக்க 32 பேரிடம் பத்து வாரங்கள் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒரு குழுவினர் குளுக்கோஸ் கலந்த பானத்தையும், மற்றொரு குழுவினர் ஃபிரக்டோஸ் கலந்த பானத்தையும், நாளாற்றலில் 25 விழுக்காடு என்னும் அளவில் அருந்தினர். இரு குழுவினரின் எடையும் ஒத்த அளவிலேயே கூடியது. ஆனால் ஃபிரக்டோஸ் குழுவினரிடம் வயிற்று உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு மிகுந்தது. இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை குறைந்தது. தமனிச் சுவரில் எளிதில் நுழையவல்ல சிறிய, அடர்ந்த எல்.டி.எல். துகள்கள் பெருகின. எடைமானியின் முள் ஒரே அளவைக் காட்டும்போதும் இரத்தக்குழாய்க்கு வாய்க்கும் சூழல் வேறாக இருக்கலாம் என்பதற்கு இது தெளிவான சான்று.

கல்லீரலில் ஃபிரக்டோஸ் விரைந்து சிதையும்போது செல்லின் ஆற்றல் மூலக்கூறுகள் செலவாகி, இறுதியில் யூரிக் அமிலமாக மாறுகின்றன. யூரிக் அமிலம் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கும் என ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. 2010இல் வெளியான ஆய்வில் 74 ஆண்கள் இரண்டு வாரங்கள் நாள்தோறும் 200 கிராம் ஃபிரக்டோஸ் உட்கொண்டபோது அவர்களின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மருந்து பெற்றவர்களிடம் அவ்வுயர்வு தடுக்கப்பட்டது. எனினும் 200 கிராம் என்பது இயல்பு வாழ்வில் காண்பதற்கரிய அளவு. மேலும் இதயநோயாளரிடம் அல்லோபியூரினால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை என்பதை 2022இல் வெளியான பெரிய மருந்துச் சோதனை காட்டியது. எனவே யூரிக் அமிலம் இப்பாதிப்பின் ஒரு கண்ணியாக இருக்கலாம். முழுச் சங்கிலியும் அதுவே எனக் கொள்வதற்கில்லை.

நீர்வடிவத்தின் தனித்தன்மை

ஒரே அளவு சர்க்கரை திண்பண்டமாக வருவதற்கும் பானமாக வருவதற்கும் வேற்றுமை உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 15 பேர் நான்கு வாரங்கள் நாள்தோறும் 450 கலோரி அளவுக்கு மிட்டாயையும், மற்றொரு நான்கு வாரங்கள் அதே அளவுக்குக் குளிர்பானத்தையும் உட்கொண்டனர். மிட்டாய் தின்ற நாள்களில் அவர்கள் தம்மையறியாமலே பிற உணவைக் குறைத்துக்கொண்டனர். பானம் அருந்திய காலத்தில் அவ்வாறு குறைக்கவில்லை. மெல்லாமல் விழுங்கப்படும் ஆற்றலைப் பசியுணர்வு முழுமையாகக் கணக்கில் கொள்வதில்லை என்பது இதன் பொருள்.

இரத்தக்குழாயின் நோக்கிலும் வேகமே முதன்மையானது. நார், புரதம், கொழுப்பு ஆகியன வயிற்றிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. இனிப்பு நீரில் இத்தடைகள் இல்லை. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் முழுப் பழங்கள், குறிப்பாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை மிகுதியாக உண்டோரிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைந்தும், பழச்சாறு மிகுதியாக அருந்தியோரிடம் கூடியும் காணப்பட்டது. ஒரே கனி, வடிவம் மாறும்போது விளைவும் மாறுகிறது.

நீண்டகால ஆய்வுகள்

சில மணி நேரத் தளர்வு பல்லாண்டு நோயாக முதிர்கிறதா என்னும் வினாவுக்கு விடைதேடப் பெருந்தொகை மக்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை நாடவேண்டும். அமெரிக்கச் செவிலியர் நலவாய்வில் 88,520 பெண்கள் 24 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். 2009இல் வெளியான அதன் முடிவின்படி, நாளொன்றுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரைப் பானங்களை அருந்தியோர்க்கு, திங்களுக்கு ஒன்றும் அருந்தாதோரைவிட இதயத் தமனி நோய்க்கான இடர் 35 விழுக்காடு மிகுதி. 42,883 ஆண்களை 22 ஆண்டுகள் கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், மிகுதியாக அருந்திய காற்பகுதியினரின் இடர் 20 விழுக்காடு கூடியிருந்தது.

பானத்தைக் குறைப்பதால் பயன் உண்டா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 810 பேரை 18 திங்கள் கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு பானத்தைக் குறைத்தோரிடம் மேல் அழுத்தம் சராசரியாக 1.8 மில்லிமீட்டர் பாதரச அளவும், கீழ் அழுத்தம் 1.1 மில்லிமீட்டர் அளவும் குறைந்தன. தனியொருவருக்கு இது சிறிய வேற்றுமையே. ஆனால் ஒரு மக்கள்தொகை முழுவதன் சராசரி அழுத்தமும் இவ்வளவு இறங்கினால் பக்கவாதமும் மாரடைப்பும் கணிசமாகக் குறையும். 2025இல் 184 நாடுகளை உள்ளடக்கி வெளியான மதிப்பீடு, 2020ஆம் ஆண்டில் உலகில் புதிதாகத் தோன்றிய இரண்டாம் வகை நீரிழிவில் ஏறத்தாழ 22 இலட்சமும், இதயக் குருதிக்குழாய் நோயில் ஏறத்தாழ 12 இலட்சமும் சர்க்கரைப் பானங்களால் நேர்ந்தவை எனக் கணித்துள்ளது.

சான்றுகளின் எல்லை

மேற்கண்ட எண்களைப் படிக்கும்போது மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவதாக, 35 விழுக்காடு என்பது ஒப்பீட்டு இடர். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் வரும் சூழலில் அது பதின்மூன்று அல்லது பதினான்கு பேராக உயர்வதையே அது குறிக்கும். இரண்டாவதாக, பானம் மிகுதியாக அருந்துவோர் புகைபிடித்தல், உடற்பயிற்சிக் குறைவு முதலிய பிற பழக்கங்களும் உடையவராக இருக்கலாம். கணித முறைகளால் இவற்றை ஈடுசெய்தாலும் எச்சம் இருக்கவே செய்யும். மூன்றாவதாக, மேற்கூறிய பேராய்வுகள் பெரிதும் வெள்ளையின அமெரிக்க மருத்துவப் பணியாளரிடம் நடந்தவை.

ஆயினும் உடனடிச் சோதனைகள், சில வாரச் சோதனைகள், பல்லாண்டுக் கவனிப்புகள் ஆகிய மூன்றும் வெவ்வேறு குறைகளை உடையவை. அம்மூன்றும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. நைட்ரிக் ஆக்சைடு இழப்பு என்னும் செயல்முறை அவற்றை இணைக்கிறது. இவ்வொருமைப்பாடே இக்கருத்தின் வலிமை.

தென்னாசிய உடலமைப்பும் கூடுதல் இடரும்

அமெரிக்க எண்களை அப்படியே தமிழ்நாட்டுக்கோ ஈழத்துக்கோ பொருத்த இயலாது. இடர் குறைவு என்பதன்று அதற்குக் காரணம். மிகுதியாக இருக்கக்கூடும் என்பதே. இந்திய மருத்துவர் ஒருவரும் பிரித்தானிய மருத்துவர் ஒருவரும் 2004இல் தம் உடல்களையே ஒப்பிட்டு ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவரின் உடல்நிறைக் குறியீடும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு பிரித்தானியருக்கு 9.1 விழுக்காடும் இந்தியருக்கு 21.2 விழுக்காடுமாக இருந்தது. தோற்றத்தில் மெலிந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் இருக்கும் இவ்வமைப்பு தென்னாசியரிடம் பரவலாகக் காணப்படுகிறது. ஃபிரக்டோஸ் சேர்க்கும் கல்லீரல், வயிற்றுக் கொழுப்பு இவ்வுடலமைப்பின் நலிந்த இடத்திலேயே சென்று தாக்குகிறது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10.1 கோடிப் பேர், நீரிழிவு உடையவர் என மதிப்பிட்டது. அரிசியை முதன்மை உணவாகக் கொண்டு, மாவுச்சத்தாலேயே பெரும்பகுதி ஆற்றலைப் பெறும் மக்களுக்கு, பானத்தின் சர்க்கரை ஏற்கெனவே நிறைந்த கலத்தில் மேலும் ஊற்றுவதாகும். 'உடம்பு மெலிவுதானே, குடித்தால் என்ன' என்னும் வழக்குரை இம்மக்களுக்குச் சிறிதும் பொருந்தாது.

மாற்றுப் பானங்கள்

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியன வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. இவற்றில் சிறிதளவு தாதுப்பொருள்கள் உள்ளன என்பது உண்மை. எனினும் இவற்றின் பெரும்பகுதி சுக்ரோஸே. அகப்படலம் எதிர்கொள்வதும் அதே குளுக்கோஸையே. கரும்புச்சாறு, பதநீர், பானகம், நன்னாரி சர்பத், ஜிகர்தண்டா ஆகியனவும் பண்பாட்டுச் சிறப்புடையவை. அவற்றை விழாவுக்கும் விருந்துக்கும் உரியனவாகக் கொள்வது தகும்; நாள்தோறும் தாகத்துக்கு உரியனவாகக் கொள்வது தகாது. 2017 மார்ச் முதல் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தன. நீர்வளத்தையும் உள்நாட்டுத் தொழிலையும் முன்னிறுத்திய அம்முடிவுக்குத் தனி நியாயம் உண்டு. ஆனால் வெளிநாட்டுப் புட்டிக்கு மாற்றாக உள்நாட்டுப் புட்டி வருவதால் மட்டும் இரத்தக்குழாய் நலம் பெறுவதில்லை.

நீர், உப்பிட்ட நீர்மோர், சர்க்கரையற்ற தேநீர் ஆகியன தடையின்றிப் பரிந்துரைக்கத்தக்கவை. இரத்த அழுத்தம் உடையோர் மோரில் உப்பைத் தவிர்க்கலாம். இளநீரில் இயல்பான சர்க்கரை உண்டெனினும் அது குளிர்பானத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. சர்க்கரையற்ற செயற்கை இனிப்புப் பானங்கள் குளுக்கோஸை உயர்த்துவதில்லை. எனினும் எடைக்கட்டுப்பாட்டுக்கு அவற்றை நாடவேண்டாம் என உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் அறிவுறுத்தியது. எனவே அவை நெடுநாள் தீர்வாகா.

இரு விலக்குகளையும் குறிப்பிடுதல் வேண்டும். இன்சுலினோ குறிப்பிட்ட மாத்திரைகளோ எடுக்கும் நீரிழிவாளர்க்குச் சர்க்கரை திடீரெனத் தாழும்போது இனிப்புப் பானம் உயிர்காக்கும் முதலுதவி. வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் உப்புச்சர்க்கரைக் கரைசலில் உள்ள குளுக்கோஸும் மருந்தே. அதன் அளவு லிட்டருக்கு 13.5 கிராம் மட்டும். குளிர்பானத்தில் உள்ளதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

கொள்கை நோக்கு

மெக்சிகோ 2014 சனவரி முதல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதலாண்டில் அவற்றின் விற்பனை சராசரியாக 6 விழுக்காடு குறைந்தது. இலங்கை 2016இல் பானங்களின் சர்க்கரை அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் விதியைக் கொண்டுவந்தது. 2017 நவம்பரில் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமுக்கும் வரி விதித்தது. ஐக்கிய இராச்சியம் 2018 ஏப்பிரலில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம், 8 கிராம் என இரு படிநிலைகளில் வரி அமைத்தது. சர்க்கரையின் அளவையே வரிக்கு அடிப்படையாக்கும்போது உற்பத்தியாளர் அதனைக் குறைக்க முற்படுவர் என்பது இம்முறையின் உட்கருத்து.

இந்தியாவில் காற்றூட்டிய பானங்களுக்குச் சரக்கு, சேவை வரியும் மேல்வரியும் சேர்ந்து 40 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர்ச் சீரமைப்பிலும் அச்சுமை தொடர்கிறது. ஆனால் சர்க்கரை உள்ள பானத்துக்கும் இல்லாத பானத்துக்கும் அது ஒன்றே. அதே சீரமைப்பில் காற்றூட்டாத பழச்சாற்றுப் பானங்களின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. சர்க்கரை சேர்த்த மாம்பழப் பானமும் இதில் அடங்கும். குமிழியை அளவுகோலாகக் கொள்ளும் வரி, சர்க்கரையை எதிர்கொள்ளும் இரத்தக்குழாய்க்குத் துணைசெய்வதில்லை. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிக்க உணவுகளை விற்கலாகாது என 2020இல் வகுக்கப்பட்ட உணவுப் பாதுகாப்பு விதி இவ்வகையில் பொருத்தமானது; அதனை நடைமுறைப்படுத்துவதில்தான் அதன் பயன் அடங்கியுள்ளது.

முடிவுரை

சர்க்கரைப் பானங்கள் இரத்தக்குழாயைப் பாதிக்கும் வழி எடை கூடுவதோடு மட்டும் தொடர்புடையதன்று. குளுக்கோஸ் அகப்படலத்தின் நைட்ரிக் ஆக்சைடை நேரடியாகக் குறைக்கிறது. ஃபிரக்டோஸ் கல்லீரல் வழியே கொழுப்பையும் இன்சுலின் எதிர்ப்புநிலையையும் வளர்க்கிறது. நீர்வடிவம் இவ்விரண்டையும் விரைவுபடுத்துகிறது. இப்பாதிப்பு வலியோ அறிகுறியோ இன்றி நிகழ்வதால் நோய் வெளிப்படும்வரை காத்திருப்பது காலந்தாழ்ந்த செயலாகிவிடும்.

அதே வேளையில் அகப்படலம் மீளும் ஆற்றல் உடையது. பானத்தைக் குறைப்பதும், இரத்த ஓட்டத்தை விரைவுபடுத்தி நைட்ரிக் ஆக்சைடு சுரப்பைத் தூண்டும் நடைப்பயிற்சியும் அம்மீட்சிக்கு வழிசெய்கின்றன. நாள்தோறும் அருந்தும் இனிப்புப் பானங்களுள் ஒன்றை நீராக மாற்றுவது எளிய தொடக்கம். தென்னாசிய மக்களிடையே இப்பானங்களின் விளைவை நேரடியாக அளக்கும் நெடுங்கால ஆய்வுகளும், குறிப்பாக இனிப்பிட்ட தேநீர், காபி, பழச்சாறு ஆகியவற்றையும் உள்ளடக்கிய ஆய்வுகளும், இத்துறையில் அடுத்து வேண்டப்படுவன.